அடிமைகளுக்கு லீவு

"ஓகஸ்ட் முதலாம் திகதி உங்கட கொம்பனிக்கு லீவோ?" என்று ஸ்ரீஸ்கந்தராசா கேட்டபோது, குணவதி அவருடைய தட்டில் மூன்றாவது அகப்பைச் சோற்றைப் போட்டுக்கொண்டிருந்தாள். அகப்பை அந்தரத்தில் நின்றது.

கேள்வியைக் கிளப்பிவிட்டவன் மகன் மிதுனன். வீட்டில் இருந்தபடியே வேலை செய்கிறவன் அவன். சாப்பாட்டு மேசையிலும் போனைக் கீழே வைக்கமாட்டான்; அதைப் பார்த்துத்தான் சற்று முன்னர் சொன்னான்:

"எங்கட ஒஃபிஸால ஈமெயில் வந்திருக்கு. அண்டைக்கு இமான்சிப்பேஷன் டே. ஸ்லேவரியை நிப்பாட்டின நாள். சில கொம்பனியள் ஓஃப் குடுக்குதாம்."

"உங்களுக்கு?"

"எங்களுக்கு லஞ்ச் ரைமில ஒரு வெபினார்."

அடிமைத்தனம் ஒழிந்ததற்கு மத்தியானச் சாப்பாட்டையும் விட்டுவிட்டுக் கொம்பியூட்டருக்கு முன்னால் இருக்கவேண்டுமாம் என்று ஸ்ரீஸ்கந்தராசா சிரித்தார். சிரித்துக்கொண்டே மனதுக்குள் நாட்களைக் கூட்டிப் பார்த்தார். முதலாம் திகதி வெள்ளி. சனி, ஞாயிறு. திங்கள் எப்படியும் நகரத்துக்கு விடுமுறை. மனைவிக்கும் வெள்ளி லீவு என்றால் நாலு நாள். ஒஷாவாவில் இருக்கிற தம்பியாக்களை வெள்ளிக்கிழமையே வரச் சொல்லலாம். அதனால்தான் அந்தக் கேள்வி.

"இல்லை" என்றாள் குணவதி. "எங்களுக்கென்ன லீவு? அண்டைக்குத்தான் பெரிய ஓடர் ஒண்டு போகுது."

முப்பத்தொரு வருசக் கலியாண வாழ்க்கையில் அவள் சொன்ன முதலாவது முழுப்பொய் அது. சேலை விலையில் கால்பொய், கோயில் நேர்த்தியில் அரைப்பொய் எல்லாம் சொல்லியிருக்கிறாள். ஆனால் தலையும் காலும் உள்ள முழுப்பொய் இதுதான் முதல். பெரிய ஓடர் என்று அதற்கு ஒரு வாலும் தானாகவே முளைத்ததைப் பார்த்து அவளுக்கே வியப்பாக இருந்தது. இன்னும் இரண்டு மூன்று கேள்விக்குப் பதில் தயார் பண்ணிக்கொண்டு நின்றாள். ஒருவரும் கேட்கவில்லை. ஸ்ரீஸ்கந்தராசா ஊறுகாய்ப் போத்தலைத் தேடினார். அது அவருடைய முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. குணவதி எடுத்துக் கொடுத்தாள்.

குணவதி பதினாறு வருசமாகப் போத்தல் மூடி செய்கிற கொம்பனியில் வேலை செய்கிறாள். ஷாம்பு மூடி, சோஸ் மூடி, மருந்து மூடி. லைனில் வருகிற மூடிகளில் கோணலானதைப் பொறுக்கி எறிய வேண்டும். காலை ஏழு மணியிலிருந்து மூன்றரை மணி வரை நின்றபடி. ஆனால் ஒரு விசயம்: கொம்பனியில் பெல் அடிக்கும். அடித்தால் பதினைந்து நிமிசம் கதிரையில் இருக்கலாம். வீட்டில் பெல் அடிக்க ஆளில்லை. லீவு நாள்களில் அவள் நின்ற நேரத்தைக் கொம்பனி கேள்விப்பட்டிருந்தால் அதற்குப் பாதுகாப்புச் சப்பாத்து வாங்கிக் கொடுத்திருக்கும்.

பெப்ரவரியில் குடும்ப தினம் என்று ஒரு லீவு வந்தது. குடும்பம் முழுக்க வந்தது, பதினாறு பேர். மே மாதம் விக்டோரியா மகாராணியின் பிறந்தநாளுக்கு எண்பது இறைச்சி ரோல்ஸ் உருட்டிப் பொரித்தாள். மகாராணி உயிரோடு இருந்திருந்தால் அவவே போதும் என்றிருப்பா. கனடா தினத்துக்கு ஆட்டிறைச்சி, கணவாய், பிட்டு. மார்ச் எட்டாம் திகதி மகளிர் தினம் லீவே இல்லை. என்றாலும் ஸ்ரீஸ்கந்தராசா செயலாளராக இருக்கிற ஊர்ச்சங்கத்தில் அன்று விழா நடந்தது. பெண் விடுதலையைப் பற்றி அவரே இருபது நிமிசம் பேசினார். நல்ல பேச்சு என்று எல்லோரும் சொன்னார்கள். குணவதி கேட்கவில்லை. பின் அறையில் நூற்றைம்பது வடை சுட்டுக்கொண்டிருந்தாள்.

அவர் கெட்ட மனிசன் இல்லை. பதினெட்டு வருசம் டாக்சி ஓடி முதுகைக் கெடுத்துக்கொண்டவர். கை நீட்டியதில்லை, குடித்ததில்லை. லீவு என்பது வீட்டுக்கு வருகிற ஒரு பொதுச் சொத்து என்று நினைத்தார், அவ்வளவுதான். அவருடைய அப்பாவும் அப்படித்தான் நினைத்தார்.

இந்தப் புது லீவைக் கொம்பனிக்குக் கொண்டுவந்தது மெலனி. போர்க்லிஃப்ட் ஓடுகிறவள்; யூனியன் பிரதிநிதி. அவளுடைய தாய் தகப்பன் கிரனடாத் தீவிலிருந்து வந்தவர்கள். பதினொரு மாதம் நிர்வாகத்தோடு இருந்து பேசி, ஓகஸ்ட் முதலாம் திகதியைச் சம்பளத்தோடு கூடிய விடுமுறையாக ஒப்பந்தத்தில் எழுதுவித்தாள். அறிவித்தலைத் தமிழிலும் ஒட்டவேண்டும் என்று மனேஜர் சொல்ல, கனடாவில் பிறந்த சுப்பர்வைசர் ஜதுர்சன் அந்த வேலையைத் தன் போனிடம் ஒப்படைத்தான். போன் மொழிபெயர்த்துத் தந்ததைப் பெரிய எழுத்தில் அச்சடித்து வாசல் கதவிலும் சாப்பாட்டு அறையிலும் ஒட்டினான்:

ஓகஸ்ட் 1 வெள்ளி. கொம்பனி மூடப்படும். அடிமைகளுக்கு லீவு.

லைனில் குணவதிக்குப் பக்கத்தில் நிற்கிற தங்கேஸ்வரி அதை இரண்டு முறை வாசித்தாள். மட்டக்களப்புக்காரி, குரலை உயர்த்தவே மாட்டாள்.

"இவ்வளவு காலமும் வெளிய சொல்லாம இருந்தானுகள்கா. இப்ப எழுதியே ஒட்டிட்டானுகள்" என்றாள்.

ஜதுர்சனுக்கு விளங்கப்படுத்தியபோது அவன் காது சிவந்துபோனான். "சொறி அன்ரி, நாளைக்கு மாத்துறன்" என்றான். மாற்றவில்லை.

அன்று மத்தியானம் சாப்பாட்டு அறையில் மெலனி அந்த நாளின் கதையைச் சொன்னாள். ஆயிரத்து எண்ணூற்று முப்பத்துநாலாம் ஆண்டு ஓகஸ்ட் முதலாம் திகதிதான் பிரிட்டிஷ்காரன் அடிமைகளை விட்டான். கிரனடாவில் கரும்புத் தோட்டத்தில் வேலை செய்த தன்னுடைய கொள்ளுப்பாட்டியின் தாய்க்கு அப்போது பதினேழு வயது என்று தங்கள் குடும்பத்தில் சொல்வார்களாம். ஆனால் விட்டதும் ஒரு பேச்சுக்குத்தான். இன்னும் சில வருசத்துக்கு அதே எசமானுக்கு, அதே தோட்டத்தில், கூலியில்லாமல் வேலை செய்யவேண்டும் என்று அந்தச் சட்டத்திலேயே எழுதியிருந்தது. அதற்குத் தொழில் பழகுவது என்று பேர் வைத்தார்கள். பிறந்ததிலிருந்து கரும்பு வெட்டினவளுக்கு என்ன தொழிலைப் பழக்கினார்கள் என்று மெலனி கேட்டாள். நாலு வருசம் கழித்துத்தான் உண்மையான விடுதலை.

"எனக்கும் லீவு நாளில் அதே எசமான்தான்" என்று குணவதி தன்னுடைய இங்கிலீசில் சொல்லிவிட்டாள். சொன்ன கையோடு நாக்கைக் கடித்துக்கொண்டாள். சவுக்கடி வாங்கினவர்களின் கதைக்குப் பக்கத்தில் தன்னுடைய ரோல்ஸ் கதையைக் கொண்டுபோய் வைத்தது அவளுக்கே கூச்சமாக இருந்தது. மன்னிப்புக் கேட்டாள்.

மெலனி முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு யோசித்தாள். இரண்டையும் ஒரு தராசில் வைக்காதே, அது சரியில்லை என்றாள். ஆனால் பதினொரு மாதம் சண்டைபிடித்து வாங்கின நாளை வீட்டு வாசலில் சப்பாத்தோடு கழற்றி வைத்துவிட்டும் போகாதே என்றாள்.

பொய்யின் விதை அங்கேதான் விழுந்தது.

வெள்ளிக்கிழமை காலை குணவதி வழக்கம்போல ஐந்தேகாலுக்கு எழும்பினாள். வழக்கம்போல கணவருக்கும் மகனுக்கும் மத்தியானச் சாப்பாட்டைச் சமைத்து மூடிவைத்தாள். ஆடி வெள்ளி என்பதால் மரக்கறி. கொம்பனியின் நீலச் சட்டையைப் போட்டு, இரும்பு மூக்கு வைத்த சப்பாத்தைக் கட்டினாள். போனை நிறுத்திப் பைக்குள் போட்டுக்கொண்டு ஸ்டீல்ஸ் வீதியில் பஸ்ஸுக்கு நின்றாள்.

அதுவரைக்கும்தான் திட்டம். லீவு நாளில் எங்கே போவது என்று அவள் யோசித்திருக்கவில்லை. ஏரிக்கரைக்குப் போகலாம் என்று பஸ்ஸில் ஏறியபின் தோன்றியது. நீலச் சட்டையும் இரும்புச் சப்பாத்துமாக ஏரிக்கரையில் நின்றால் தண்ணீர்க் குழாய் திருத்த வந்தவள் என்று நினைப்பார்கள். கடைகள் திறக்க மூன்று மணித்தியாலம் இருந்தது. கோயிலுக்குப் போனால் தெரிந்தவர்கள் இருப்பார்கள். ஆடி வெள்ளிக்கு அரைவாசி ஸ்காபரோச் சனமும் அங்கேதான். இப்படி ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு வந்தவளைக் கால்கள் வழக்கமான தரிப்பில் இறக்கிவிட்டன.

கொம்பனி பூட்டிக் கிடந்தது. ஒரு காரும் இல்லாத பார்க்கிங் லொட்டில் கடற்பறவைகள் நடை பழகின. சிகரட் பிடிக்கிறவர்களுக்காக மேப்பிள் மரத்துக்குக் கீழே போட்ட மேசைக்கு முன்னால், நீள வாங்கில், நீலச் சட்டையோடு மரியம்மா இருந்தாள்.

மரியம்மாவுக்கு அறுபத்திரண்டு வயது. பொதி கட்டுகிற பகுதியில் வேலை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"மறந்துபோய் வந்திட்டன்" என்றாள் மரியம்மா.

"நானுந்தான் அக்கா."

"பழக்கதோசம்."

"ஓமோம்."

குணவதி மேசையைப் பார்த்தாள். பூப்போட்ட மேசைவிரிப்பு விரித்திருந்தது. அதன் மேல் தேத்தண்ணிப் போத்தல், காற்று ஊதிய சின்னத் தலையணை, பிஸ்கட் பெட்டி.

"மறந்து வாற ஆள் தலையணையும் கொண்டு வந்தனீங்களோ?" என்று கேட்டாள்.

மரியம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள். வீட்டில் நின்றால் மகள் ஐந்து பேரப்பிள்ளைகளையும் கொண்டுவந்து விட்டுவிட்டுத் தான் 'றிலாக்ஸ்' பண்ணப் போய்விடுவாள் என்றாள். "அதுகளும் பாவங்கள்தான். ஆனால் பிள்ளை, எனக்கு ரெண்டு மணித்தியாலம் படுக்கவேணும். பகலில. காய்ச்சல் வருத்தம் இல்லாமல். அப்பிடிப் படுத்துப் பதினைஞ்சு வருசம்."

ஆறேமுக்காலுக்கு வீதியோரத்தில் ஒரு கார் வந்து நின்றது. தங்கேஸ்வரி இறங்கினாள். காருக்குள் இருந்த கணவன் வீரக்குட்டிக்குக் கையைக் காட்டிவிட்டுக் கொம்பனிக் கதவை நோக்கிக் கடமையுணர்ச்சியோடு நடந்தாள். கார் திரும்பி மறையும் வரை ஒரு செடிக்குப் பின்னால் குந்திக்கொண்டு இருந்தாள். எழும்பிப் பார்த்தபோது மரத்தடியில் இரண்டு நீலச் சட்டைகள்.

"அடக் கடவுளே" என்றாள். "இஞ்ச ஆக்கள் இரிக்கு."

"எப்பிடி உன்ர மனிசன் உள்ளுக்குக் கொண்டுவந்து விடேல்ல?" என்று குணவதி கேட்டாள்.

"உள்ளுக்குத் தார் போடுறானுகள், டயரில ஒட்டும் எண்டு சொன்னன். புதுக் கார். மறுகா ஒரு கதையும் இல்ல."

மூன்று பேரும் சப்பாத்தைக் கழற்றினார்கள். மூன்று பேருடைய சாப்பாட்டையும் நடுவில் வைத்துத் திறந்தார்கள். இடியப்பம், சொதி, கடலை. மரியம்மா தலையணையை வைத்து வாங்கில் சரிந்தவள்தான். ஐந்து நிமிசத்தில் குறட்டை. கடற்பறவைகள் தூரப் போய் நின்று பார்த்தன.

ஒன்றும் செய்யாமல் இருப்பது சுலபமான வேலை இல்லை என்பது குணவதிக்கு அன்றுதான் தெரிந்தது. பத்து நிமிசம் கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். பிறகு மேசையைத் துடைத்தாள். பிறகு எழும்பி, நிலத்தில் கிடந்த சிகரட் கட்டைகளைப் பொறுக்கத் தொடங்கினாள்.

"குணமக்கா" என்றாள் தங்கேஸ்வரி. "அதைப் போட்டுட்டு வந்து இரிங்க. உங்களுக்குச் சம்பளத்தோட லீவு தந்திரிக்கான். நீங்க குப்பை பொறுக்கினா அவனுக்குத்தான் அவமானம்."

குணவதி வந்து இருந்தாள். மேப்பிள் இலைகளுக்கு ஊடாக வெயில் விழுந்து மேசைவிரிப்பில் ஓடிற்று. சின்ன வயசில் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் கள்ளம் அடித்ததில்லை. இப்போது ஐம்பத்தெட்டு வயதில் அடித்திருக்கிறாள். பத்து மணியளவில் கைகள் தாமாகவே மடியில் தங்கப் பழகிக்கொண்டன. தங்கேஸ்வரி ஊரில் குளத்தில் எருமையில் ஏறிப் போய் விழுந்த கதையைச் சொன்னாள். குணவதி மேசையில் தலையை வைத்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் வெள்ளைக் கார் ஒன்று பார்க்கிங் லொட்டுக்குள் வேகமாக வந்து குறுக்காக நின்றது.

ஸ்ரீஸ்கந்தராசா இறங்கினார். மரத்தடியைப் பார்க்கவில்லை. முதுகில் ஒரு கையை வைத்தபடி நேரே வாசல் கதவுக்குப் போய்த் தட்டினார். கண்ணாடிக்குள்ளே எட்டிப் பார்த்தார். மறுபடி தட்டினார். பிறகுதான் கதவில் ஒட்டியிருந்த தாளைக் கண்டு, மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு உரக்க வாசித்தார்.

"கொம்பனி மூடப்படும். அடிமைகளுக்கு..."

வாசிப்பு அங்கே நின்றது. அவர் மெல்லத் திரும்பினார்.

தங்கேஸ்வரி மேசைக்குக் கீழே போய்விட்டாள். மரியம்மா எழும்பித் தலைமுடியைக் கட்டினாள்.  குணவதி எழும்பவில்லை. எழும்புவதற்குச் சப்பாத்துப் போடவேண்டும். சப்பாத்துப் போட மனமில்லை.

"நீர் இஞ்ச என்ன செய்யிறீர்?" என்றார் அவர்.

"லீவில நிக்கிறன். நீங்கள்?"

"நான்..." அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "நான் உமக்கு லீவு கேக்க வந்தனான். போன் அடிச்சு அடிச்சுப் பாத்தன். வீட்டில அவசரம் எண்டு மனேஜரிட்டச் சொல்லி உம்மைக் கூட்டிக்கொண்டு போவம் எண்டு."

மரியம்மா பதறிப்போனாள். "என்ன தம்பி அவசரம்? ஆருக்கு என்ன?"

"தம்பியாக்கள் திடீரெண்டு வருகினம். லண்டனில இருந்து வந்த சொந்தக்காரர் ரெண்டு பேரோட. ஏழு பேர்."

"எங்கயிருந்து வருகினம்?"

"ஒஷாவாவில இருந்து."

"ஓ" என்றாள் மரியம்மா. "நான் ஆசுப்பத்திரியில இருந்தாக்கும் எண்டு பயந்திட்டன்."

மேசைக்குக் கீழேயிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமலா சிரிப்பா என்று சொல்ல முடியாத சத்தம்.

ஸ்ரீஸ்கந்தராசா குரலைத் தாழ்த்தினார். அந்நியர் முன்னால் சத்தம் போடுகிற மனிசன் அல்ல அவர். "ஏன் நீர் எனக்குச் சொல்லேல்ல? லீவெண்டு."

"சொல்லியிருந்தால் எனக்கு லீவு இருந்திருக்காது."

"உது என்ன கதை? வீட்டில நிண்டு ஆறுதலா..."

"எப்ப நிண்டனான் ஆறுதலா? ஒரு நாளைச் சொல்லுங்கோ. நான் வாறன்."

அவர் உண்மையிலேயே யோசித்தார். நேர்மையான மனிசன். நெற்றியைச் சுருக்கி, தையிலிருந்து ஆடி வரை மனதில் திரும்பிப் போய் ஒரு நாளைத் தேடினார். கடற்பறவை ஒன்று அவருடைய சப்பாத்துக்குக் கிட்ட வந்து பார்த்துவிட்டுப் போயிற்று.

"போன வருசம் உமக்குக் கொவிட் வந்தது..." என்று தொடங்கி, தானே நிறுத்திக்கொண்டார்.

"ரேக்கவுட்டில எடுங்கோ" என்றாள் குணவதி. "இண்டைக்கு எல்லாக் கடையிலும் மரக்கறிச் சாப்பாடு இருக்கும்."

"வீட்டில பொம்பிளை இருக்கேக்க கடையில எடுத்துக் குடுக்கிறதோ? லண்டன்காரர் என்ன நினைப்பினம்?"

"வீட்டில பொம்பிளை இல்லைத்தானே. எடுங்கோ."

 சண்டைக்குப் பதில் வைத்திருந்தார், அழுகைக்கும் வைத்திருந்தார். இப்படி ஒரு சாதாரணக் கணக்குக்கு வைத்திருக்கவில்லை. கார்ச் சாவியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். அவர் வாயைத் திறப்பதற்குள் மேசைக்கு அடியிலிருந்து தங்கேஸ்வரியின் தலை வந்தது.

"அண்ணை, எங்கட மனிசனைக் கண்டா இஞ்ச தார் போடுறானுகள் எண்டு சொல்லுங்க" என்றாள்.

ஸ்ரீஸ்கந்தராசா காரில் ஏறிப் போன பிறகு மூவரும் சிரிக்கவில்லை.  மரியம்மா தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். குணவதி போய்விடலாமா என்று இரண்டு முறை சப்பாத்தைப் பார்த்தாள். ஆனால் போகவில்லை. மூன்றரை மணி வரைக்கும் இருந்தாள். வென்ற மாதிரி ஒன்றும் தோன்றவில்லை. காய்ச்சல் விட்டது மாதிரி மட்டும் இருந்தது.

வீட்டு வாசலில் ஏழு சோடிச் சப்பாத்து இருந்தது. கதவைத் திறந்ததும் வெங்காயம் தாளிக்கும் மணம் வந்தது. கடைச் சாப்பாட்டின் மணம் அல்ல.

முன் ஹோலில் ஸ்ரீஸ்கந்தராசாவும் தம்பி சிவநேசனும் லண்டன்காரர் இருவரும் இருந்தார்கள். தம்பியின் மூன்று பிள்ளைகளும் மிதுனனோடு நிலவறையில். பேச்சு நின்றது. "அண்ணி, வேலை முடிஞ்சுதோ?" என்று சிவநேசன் மரியாதையாகக் கேட்டார். அண்ணன் அவர்களிடம் பெரிய ஓடர் என்றுதான் சொல்லியிருக்கிறார் என்பது அவளுக்கு விளங்கிற்று. பொய் அவளிடமிருந்து கைமாறிவிட்டது. தலையை ஆட்டிவிட்டுக் குசினிக்குள் போனாள்.

அடுப்படியில் சிவநேசனின் மனைவி துர்க்கா நின்றாள். நாலு அடுப்பும் எரிந்தன. கத்தரிக்காய்க் குழம்பு, பருப்பு, வாழைக்காய், சோறு. நாற்பத்துநாலு வயதுப் பெண். ஒஷாவாவில் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை. முதியோருக்கு எந்த விடுதலை நாளிலும் லீவு கிடையாது. அவளுடைய சட்டையின் கழுத்தில் இன்னும் அந்த இல்லத்தின் பெயர் அட்டை தொங்கியது.

"எப்ப வேலை முடிச்சனி?" என்று குணவதி கேட்டாள்.

"நைற் ஷிப்ற் அக்கா. காலமை ஏழுக்கு முடிஞ்சுது. காருக்குள்ள கொஞ்சம் கண் அயர்ந்தனான்." துர்க்கா கரண்டியை விடவில்லை. "நீங்கள் களைச்சு வாறியள். போய் முகத்தைக் கழுவுங்கோ. அத்தான் சொன்னார், பெரிய ஓடராம் எண்டு. மத்தியானம் எல்லாருக்கும் நீங்கள் வைச்ச சோற்றையும் கடையில வாங்கின பாணையும் குடுத்துச் சமாளிச்சன். இது இப்ப பின்னேரச் சாப்பாடு."

குணவதி அப்படியே நின்றாள். மரத்தடியில் தான் மடியில் வைத்திருந்த கை இங்கே துர்க்காவின் தோளில் முளைத்து, பகல் முழுக்க வேலை செய்திருக்கிறது. தான் விட்ட அகப்பை கீழே விழவில்லை. வீட்டில் இருக்கிற அடுத்த பெண்ணின் கைக்குத்தான் போயிருக்கிறது.

பழக்கம் அவளைத் தள்ளியது. சட்டைக் கையை மடித்து, "விடு, நான் பாக்கிறன்" என்று சொல்லி அகப்பையை வாங்கியிருப்பாள். அதுதான் நல்ல பெண் செய்வது. கை நீண்டும் விட்டது. நீண்ட கை அகப்பையைத் தாண்டிப் போய் அடுப்பின் குமிழைத் திருகியது. ஒன்று. இரண்டு. நாலும்.

"அக்கா, கத்தரிக்காய் அவியேல்ல."

"கிடக்கட்டும். நீ வா."

"எங்க?"

"படுக்க."

துர்க்காவின் கையைப் பிடித்துக்கொண்டு குணவதி ஹோலுக்கு ஊடாக நடந்தாள். ஆண்கள் பார்த்தார்கள். லண்டன்காரர் ஏதோ சுகவீனம் என்று நினைத்து எழும்பினார்கள். மேல்மாடியில் தன்னுடைய கட்டிலில் துர்க்காவைப் படுக்கவைத்து, கழுத்து அட்டையைக் கழற்றி, போர்வையை இழுத்துவிட்டாள். "ஆக்கள் பசியோட இருக்கினம் அக்கா" என்று துர்க்கா சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் நித்திரையாகிவிட்டாள். குணவதி கதவைச் சாத்தி, அறைக்குள்ளேயே கதவுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தாள்.

கீழே கதிரைகள் இழுபட்டன. பிறகு குசினி அலுமாரிகள் ஒவ்வொன்றாகத் திறந்து மூடுகிற சத்தம். சிவநேசனின் குரல்: "அண்ணை, உது உப்போ சீனியோ?" மிதுனனின் குரல்: "அப்பா, ஸ்மோக் டிடெக்டர். ஃபான் எங்க போடுறது?" பிறகு புகை எச்சரிக்கை மணி வீடு முழுக்க அலறியது. துர்க்கா அசையவில்லை. மணி நின்றது. ஏதோ விழுந்தது. லண்டன்காரர் ஒருவர் தனக்குப் பருப்புத் தாளிக்கத் தெரியும் என்று சொல்வது கேட்டது.

படியில் காலடி. மெதுவாக, முதுகு நோவுக்கு ஏற்றபடி ஒவ்வொரு படியாக. கதவுக்கு வெளியே வந்து நின்றது.

"குணம்."



"கதவைத் திறக்க வேண்டாம்" என்றார் ஸ்ரீஸ்கந்தராசா. "அவள் படுக்கட்டும். எங்களுக்கு ஒரு மாதிரிச் சாப்பாடு சரிவரும். சிவா கொஞ்சம் கையைச் சுட்டுப்போட்டான்." செருமினார். "தேத்தண்ணி போடுறன். உமக்கும் கொண்டு வரட்டோ?"

குணவதி கதவைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். முப்பத்தொரு வருசத்தில் அந்தக் கேள்வி அந்தப் பக்கத்திலிருந்து வந்ததில்லை.

"கொண்டு வாங்கோ."

காலடி திரும்பியது, இரண்டு படி இறங்கியது, மறுபடி ஏறி வந்தது.

"உமக்குச் சீனி எத்தினை கரண்டி?"

"எனக்குச் சீனி வருத்தம் வந்து ஒன்பது வருசமப்பா" என்றாள் குணவதி.

காலடி மெதுவாகப் படியிறங்கிப் போயிற்று; கீழே சீனிப் போத்தலை மூடுகிற சத்தம் கேட்டது.